அமெரிக்காவுல குடிக்கோ மாத்திரைக்கோ ட்ரீட்மென்ட் போறீங்களா, போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இங்க வந்த ரெண்டாவது வருஷம் குடி ரொம்ப அதிகமாயிடுச்சு. ஒருநாள் வயித்துவலின்னு எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போனேன், நர்ஸ் எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டாங்க, வீக்கெண்ட்ல ரெண்டு பியர்னு சொல்லிட்டார். நெஜத்துல தினமும் முக்கா பாட்டில் விஸ்கி. ஏன் மறைச்சார்னா, ஆறு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்துல உண்மையைச் சொல்லியிருக்கார், அங்க இருந்தவங்க இவர் பேசறதைக் கேட்டு மூஞ்சியைச் சுளிச்சு, இவருக்கு இங்கிலீஷே தெரியாத மாதிரி சத்தமா இழுத்து இழுத்துப் பேசி, உங்க நாட்டுல எல்லாரும் இப்படித்தானான்னு வேற கேட்டிருக்காங்க. அன்னிக்கு மூடின வாய் அது. அட்மிட் ஆகி ரெண்டாவது நாள் ஃபிட்ஸ் வந்துடுச்சு. உயிர் பிழைச்சார், ஆனா அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன்.

தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், ஃபிட்ஸ், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியறதுன்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டருக்கு முன்கூட்டியே தெரிஞ்சா மருந்து குடுத்துத் தடுக்கலாம். அதனால தயவுசெஞ்சு, எதிர்ல இருக்கிறவங்க மேல நம்பிக்கை வரலைன்னாலும் சரி, எவ்வளவு, எத்தனை நாளா, கடைசியா எப்ப, இந்த மூணை மட்டும் மறைக்காதீங்க.

நம்பிக்கை வராதது உங்க தப்பு கிடையாது. அலபாமாவுல டஸ்கீகிங்கிற ஊர்ல 1932ல இருந்து 1972 வரைக்கும், சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு பென்சிலின் வந்தப்புறமும் குடுக்காம, நோய் எப்படிப் போகுதுன்னு வேடிக்கை பாத்தது இந்த நாட்டோட பொது சுகாதாரத்துறையேதான். அது பழைய கதைன்னு சொல்வாங்க. 2022ல வெளியான ஒரு ஆய்வு, சிகாகோவுல ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் பாத்தது, கறுப்பின நோயாளிங்களைப் பத்தி டாக்டருங்க தப்பா, எரிச்சலா எழுதி வைக்கிற வாய்ப்பு ரெண்டரை மடங்கு அதிகமா இருந்துச்சு. அடிக்‌ஷன்ல இன்னும் மோசம். வலி மாத்திரை, ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன்னு ஒரு மருந்து, அதுக்குன்னே இருக்கிற கிளினிக்ல, ஆரம்பத்துல பெரும்பாலும் தினமும் போய் நின்னு வாங்கணும். புப்ரெனார்ஃபின்னு இன்னொண்ணு, டாக்டர் எழுதிக் குடுத்தா ஃபார்மசியில வாங்கி வீட்டுலயே எடுத்துக்கலாம். பல வருஷமா ரெண்டாவது பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்கே போய்ச் சேர்ந்துச்சு, கறுப்பினத்தவங்களும் லத்தீனோ மக்களும் மெத்தடோன் கிளினிக் வரிசையில நின்னாங்க. 2023 ஜனவரியில இருந்து புப்ரெனார்ஃபின் எழுத தனி பர்மிஷன் தேவையில்ல, அதனால யாரும் தானா சொல்லலைன்னா நீங்களே பேர் சொல்லிக் கேளுங்க.

இங்க ஒண்ணு சொல்லணும், மனசு வலிக்குது. "அந்த கிளினிக் வேண்டாம், அங்க கறுப்பருங்கதான் வருவாங்க"ன்னு நம்ம ஆளுங்களே சொல்லிக் கேட்டிருக்கேன். நம்மளைப் பாத்து மூஞ்சி சுளிக்கிறாங்கன்னு அழறோம், அதே மூஞ்சியை நாம அவங்களுக்குக் காட்டறோம். அப்படி ஒரு கிளினிக்கோட வெயிட்டிங் ரூம்ல என் பக்கத்துல வந்து உக்காந்து, எந்த கவுன்சிலர் நல்லா பேசுவாங்கன்னு சொல்லிக் குடுத்தது ஒரு கறுப்பின பாட்டிதான்.

சரி, மத்த விஷயங்க. தமிழ்ல பேசணும்னா இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, பெடரல், அதாவது மத்திய அரசு, பணம் வாங்குற ஆஸ்பத்திரின்னா (கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான்) இலவசமா ஏற்பாடு பண்ணணும், பெரும்பாலும் போன்லயோ வீடியோலயோ வருவாங்க. பிள்ளைங்களை மொழிபெயர்க்க வைக்காதீங்க, அப்பா எவ்வளவு குடிப்பார்னு பத்து வயசுப் பொண்ணு சொல்ல வேண்டி வர்றது கொடுமை, அதுவும் அப்பாவைக் காப்பாத்தணும்னு அது குறைச்சுத்தான் சொல்லும்.

ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுமோன்னுதான் எல்லாரும் பயப்படறாங்க. அடிக்‌ஷன் ட்ரீட்மென்ட் ரெக்கார்டுக்குன்னு 1970கள்ல இருந்தே தனி பெடரல் சட்டம் இருக்கு. பெடரல் உதவி வாங்குற ட்ரீட்மென்ட் சென்டர்ல நீங்க எழுத்துல சம்மதம் குடுக்காம கம்பெனிக்கோ போலீஸுக்கோ தகவல் போகக்கூடாது, கோர்ட் ஆர்டர் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு. என்ன பேப்பர்ல கையெழுத்து வாங்கறாங்கன்னு படிச்சுட்டுப் போடுங்க. இன்சூரன்ஸ் இன்னொருத்தர் பேர்ல இருந்தா பில் விவரம் அவங்களுக்குத்தான் தபால்ல போகும், வேற அட்ரஸுக்கு அனுப்பச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனியில கேக்கலாம். விசா வேற பிரச்சனை. குடிச்சுட்டு வண்டி ஓட்டி அரெஸ்ட் ஆனா விசா ரத்தாகலாம், அதுக்கு முன்னாடியே ட்ரீட்மென்ட் போறது எவ்வளவோ மேல். கிரீன் கார்டு மெடிக்கல் நெருங்குதுன்னா இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட பேசிடுங்க, ஆனா அதுக்காக ட்ரீட்மென்ட்டைத் தள்ளிப்போடாதீங்க.

யாராவது கேவலமா நடத்தினா தேதி, நேரம், என்ன சொன்னாங்கன்னு அன்னிக்கே போன்ல எழுதி வச்சுக்கோங்க. ஆஸ்பத்திரியில நோயாளிங்க குறையைக் கேக்கறதுக்குன்னு பேஷண்ட் அட்வகேட்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க. அதுக்கும் மேல போகணும்னா ஃபெடரல் சுகாதாரத்துறையோட சிவில் ரைட்ஸ் ஆபீஸ்ல 180 நாளுக்குள்ள கம்ப்ளைன்ட் குடுக்கலாம். உங்க ரெக்கார்டை ஆன்லைன்ல பாக்கற பேஷண்ட் போர்ட்டல்ல உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க, தப்பா இருந்தா திருத்தச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலைன்னா 1-800-662-4357, பெடரல் ஹெல்ப்லைன், இலவசம், ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம், இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் பேசுவாங்க. உயிரை விட்டுடலாம்னு தோணுச்சுன்னா 988.

முதல் டாக்டர் சரியில்லைன்னா மாத்துங்க, அதோட விட்டுடாதீங்க. தங்கச்சி வீட்டுக்காரருக்கு மூணாவதா கெடச்ச டாக்டரம்மா, முதல் நாளே கம்ப்யூட்டரைத் திருப்பி தான் என்ன டைப் பண்றாங்கன்னு அவருக்குக் காட்டினாங்க, இது சரியா எழுதியிருக்கேனான்னு கேட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தார். அப்புறம்தான் விஸ்கியோட தூக்க மாத்திரையும் சேத்துப் போட்டுட்டிருந்ததைச் சொன்னார், அது அதுவரைக்கும் எனக்கோ தங்கச்சிக்கோ தெரியாது.