குறைந்த பணத்தில் மாணவருக்கு ஏற்ற கணினியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினியில் சில உறுப்புகளை வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம்; சிலவற்றை அது உழைக்கும் கடைசி நாள் வரை எளிதில் மாற்ற முடியாது. எஸ்எஸ்டி என்ற சுழலாத சேமிப்பகம், பேட்டரி, பல மாடல்களில் ரேம் என்ற தற்காலிக நினைவகம் ஆகியவை முதல் வகை. கணக்கிடும் சில்லான பிராசசர், திரை, விசைப்பலகை, உடற்கட்டு ஆகியவை இரண்டாம் வகை. கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்னும்போது, முதலில் இரண்டாம் வகைக்கே செலவிட வேண்டும். முதல் வகையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். விற்பனை அட்டைகள் இதற்கு நேர்மாறாக எழுதப்படுகின்றன. சேமிப்பக அளவான '1 டிபி' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். திரை எப்படிப்பட்டது என்பது பெரும்பாலும் அட்டையிலேயே இருக்காது.

வாங்கப் போகும் முன், படிப்பு என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலக்கியம், சட்டம், வணிகவியல், சமூக அறிவியல் போன்ற படிப்புகளுக்கு உலாவி, கட்டுரை எழுதும் மென்பொருள், பிடிஎஃப், காணொளி வகுப்பு ஆகியவை தடையின்றி ஓடினால் போதும். நிரல் எழுதுபவருக்கு ரேம் சற்றுக் கூடுதலாகத் தேவை. இயந்திரப் பொறியியல் மாணவர் சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் விண்டோஸ் கணினி வேண்டும், ஏனெனில் அது விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. இயந்திரக் கற்றல் படிப்பவர் அதற்காக விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியதில்லை. கூகுள் கொலாப் உலாவிக்குள்ளேயே ஓரளவு கட்டணமின்றி அந்த வசதியைத் தருகிறது. இவற்றையெல்லாம் பாடத்திட்டத்தைப் படித்து ஊகிப்பதைவிட, அதே துறையில் ஓராண்டு முன்னே படிக்கும் மாணவரிடம் கேட்பது நல்லது. எந்த மென்பொருளை உண்மையிலேயே வீட்டில் திறந்தார்கள், எதை ஆய்வகத்திலேயே முடித்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரே பருவத்தில் வரும் ஒரே பாடத்துக்காக கேமிங் மடிக்கணினி வாங்கி, அதன் எடையையும் செங்கல் போன்ற சார்ஜரையும் நான்கு ஆண்டுகள் தோளில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிராசசரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. 'ஐ5 மடிக்கணினி' (ஐ5 என்பது இன்டெல்லின் ஒரு பிராசசர் வரிசை) என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். ஐ5-3320எம் என்பதும் ஐ5. ஐ5-8350யு என்பதும் ஐ5. சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறை: முன்னது மூன்றாம் தலைமுறை, 2012ஆம் ஆண்டுச் சரக்கு, பின்னது எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது. எண் 10, 11, 12 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ5-1135ஜி7 பதினொன்றாம் தலைமுறை. பழைய கணினி தேடுபவர் எட்டாம் தலைமுறையைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஏழாம் தலைமுறை வரை 'யு' என்று முடியும் ஐ5 பிராசசர்களில் கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகள், இரண்டே இருந்தன. எட்டாம் தலைமுறையில் அவை நான்காயின. இரண்டாவது, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசசர்கள், ஒருசில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், 'விண்டோஸ் 10 நன்றாக ஓடும்' என்ற உறுதிமொழிக்கு இனி மதிப்பில்லை.

ஏஎம்டி பிராசசர்களில் வேறொரு சிக்கல். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு மூன்றாம் இலக்கத்தில் மட்டும். ஆனால் அந்த மூன்றாம் இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைக் குறிக்கிறது. 2 என்றால் ஜென் 2, அதாவது 2019இல் முதன்முதலாக வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. முன்னதில் நான்கு கோர்கள், பின்னதில் ஆறு. அதோடு 7520யு ஏற்கும் ரேம் வகை கணினியின் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே வரும், ஆகவே பின்னாளில் கூட்டவே முடியாது. புத்தம்புதிய பெட்டியில் வருவதெல்லாம் புதிய தொழில்நுட்பம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ரேம் இன்றைய நிலையில் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவப் போதும் என்ற பொருளில்தான். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்து ஒரு காணொளி வகுப்பில் அமர்ந்தால் அந்த 4 ஜிபியின் நிலை தெரிந்துவிடும். நிரல் எழுதுவோரும் காணொளி தொகுப்போரும் 16 ஜிபியை இலக்காகக் கொள்ள வேண்டும், அன்றைக்கே இல்லாவிட்டாலும் பிறகு ஏற்றத்தக்கதாகவாவது. ஏற்ற முடியுமா என்பதை உறுதிசெய்யக் கணினியைத் திறக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில், மெமரி பகுதியின் கீழே எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் பின்னாளில் ஒரு ரேம் அட்டையைச் செருகிக்கொள்ளலாம். பற்றவைத்த ரேமையும் சில கணினிகள் ஸ்லாட்டாகவே காட்டும் என்பதால், மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சேமிப்பகம் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சிறு கோப்புக்கும் ஊசி இடம் தேடி நகர வேண்டியிருப்பதால், எவ்வளவு நல்ல பிராசசர் இருந்தாலும் கணினி தவழும். பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை விலை பேசும் காரணமாக வைத்துக்கொண்டு, மிச்சப்படும் பணத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம். இஎம்எம்சி என்பது வேறு. அது ஃபோன்களில் இருப்பதைப் போன்ற சேமிப்பகம். மிக மலிவான புதிய மடிக்கணினிகளில் பலகையோடு பற்றவைத்து வரும். நான் முதலில் வாங்கியது 64 ஜிபி இஎம்எம்சி கொண்ட அப்படியொரு கணினிதான். எட்டாம் மாதம் வந்த ஒரு பெரிய அப்டேட்டுக்கு உள்ளே இடம் போதவில்லை. என் கோப்புகளையெல்லாம் பென் டிரைவுக்கு நகர்த்திய பிறகும் போதவில்லை. தேர்வு வாரத்தில் அந்தக் கணினி என்னைப் படிக்கவிடாமல் இடம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரையில் 1920×1080 புள்ளிகள் வேண்டும். 1366×768 திரையைவிட இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள் உண்டு; ஒரு பக்கம் பாடநூலையும் மறுபக்கம் குறிப்பையும் திறந்து வைப்பவர் அந்த வேறுபாட்டை நாள்தோறும் உணர்வார். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையா என்றும் கேளுங்கள். தெரியாது என்றால், கணினியைப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் வெளிறினாலோ தலைகீழானாலோ அது டிஎன் திரை.

இனி, புதியதா பழையதா என்ற கேள்வி. என் கருத்தில், மிகக் குறைந்த விலைப் புதிய மடிக்கணினியைவிட, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த வணிக வரிசை மடிக்கணினி மேலானது. லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல்லின் லாட்டிடியூட், எச்பியின் எலைட்புக் ஆகியவை ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் தூக்கிச் செல்வதற்கென்று செய்யப்பட்டவை. கீல் உறுதியானது, விசைப்பலகை நல்லது, உதிரிப் பாகம் கிடைக்கும். நிறுவனங்கள் இவற்றைக் குறிப்பிட்ட ஆண்டுகள் ஆனதும் மொத்தமாக மாற்றிவிடுவதால், நன்றாக ஓடும் நிலையிலேயே சந்தைக்கு வருகின்றன. புதியதற்கு உத்தரவாதம் உண்டே என்பது நியாயமான எதிர்வாதம்தான். ஆகவே ஆறு மாதமோ ஓராண்டோ உத்தரவாதம் தரும் விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் தவறில்லை.

பழையதை வாங்கும்போது அரை மணி நேரமாவது அதனோடு உட்கார வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்துவிடலாம். கணினியைத் தொடக்கத்திலிருந்து இயக்கி, முதலில், விண்டோஸுக்கு முன்னே இயங்கும் பயாஸ் அமைப்புக்குள் செல்லுங்கள். அங்கே கடவுச்சொல் கேட்டால், அது விற்பவருக்கும் தெரியவில்லை என்றால், பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸைப் புதிதாக அமைக்கச் செய்து, அந்தக் கட்டத்திலேயே வைஃபையில் இணையுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் கணக்கில் நுழையச் சொன்னால், அந்தக் கணினி இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவிலிருந்து நீக்கப்படவில்லை என்று பொருள். இணையத்தில் இணைக்காமல் பார்த்திருந்தால் இது வெளிப்படாமலே போயிருக்கும்.

அடுத்தது பேட்டரி. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்ற சொல்லும், இடைவெளி விட்டு ஒரு சாய்கோடும், பேட்டரிரிப்போர்ட் என்ற ஒட்டுச்சொல்லும் (powercfg /batteryreport) தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவு 48,000 என்றும் இப்போது முழுமையாக ஏறுவது 31,000 என்றும் இருந்தால், மிஞ்சியிருப்பது 65 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றுப் பேட்டரியின் விலையைத் தெரிந்துகொண்டு அதைக் கழித்துக் கேட்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் நலத்தையும் அது ஓடிய மணிக்கணக்கையும் காட்டும். கடைசியாக ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், எல்லா யுஎஸ்பி துளைகளிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள், மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது கீல் கிறீச்சிடுகிறதா, திரை மினுக்குகிறதா என்று கவனியுங்கள்.

மேசையை விட்டு நகரத் தேவையில்லாதவருக்கு, ஒரு தடித்த புத்தக அளவே உள்ள பழைய மினி கணினி இன்னும் சிக்கனமானது. மானிட்டரும் விசைப்பலகையும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதே பணத்துக்கு ஒரு படி மேலான பிராசசர் கிடைக்கும். வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது, மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பவையே குறைகள். விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் கொண்ட குரோம்புக் வாங்குவோர் அதன் தானியங்கி அப்டேட் முடியும் தேதியை அமைப்புகளில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். 2021இலும் அதற்குப் பிறகும் வந்த குரோம்புக் மாடல்களுக்குப் பத்து ஆண்டுகள் அப்டேட் தருவதாகக் கூகுள் 2023இல் அறிவித்தது. ஆனால் அந்தக் கணக்கு அந்த வகை வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2020இல் வந்த, ஆப்பிளின் எம்1 சில்லு கொண்ட மேக்புக் ஏர் பழைய விலையில் கிடைத்தால் நல்ல கணினிதான்; ரேமையும் சேமிப்பகத்தையும் மாற்றவே முடியாது என்பதையும், முந்தைய உரிமையாளர் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்பதையும் மறக்கக் கூடாது.

மென்பொருளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. கட்டுரை, அட்டவணை ஆகியவற்றுக்கான லிப்ரேஆஃபிஸ் இலவசம். வரைபட மென்பொருளான ஆட்டோகேட் உள்ளிட்டவற்றை ஆட்டோடெஸ்க் தகுதியுள்ள மாணவர்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி ஏற்கெனவே கையில் இருந்தால், எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் எழுத்து வேலைக்கும் நிரலாக்கத்துக்கும் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். வாங்காமலே தப்பிக்கும் வழி அது. எங்கிருந்தோ நகலெடுத்த மென்பொருளைப் போட்டுத் தருவதாகச் சொல்லும் விற்பனையாளரிடம், சுத்தமான விண்டோஸ் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

வைத்திருக்கும் பணம் முழுவதையும் கணினிக்கே கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். நல்ல பை, தரமான சார்ஜர், கோப்புகளை நகலெடுத்து வைக்க ஒரு வெளி டிரைவ் ஆகியவை அதிலிருந்துதான் வர வேண்டும். திருப்பித் தருவதற்கான கெடு எத்தனை நாள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நாட்களுக்குள் கணினியைத் தயங்காமல் வேலை வாங்குங்கள்: மூன்று மணி நேரக் காணொளி, இருபது உலாவிப் பக்கங்கள், இரவு முழுவதும் உறக்க நிலை. காலையில் மூடியைத் திறந்ததும் விழிக்கிறதா, பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். குறை ஏதும் கண்டால் கெடு முடியும் முன்னரே ரசீதோடு போய் நில்லுங்கள்.