ஆண்ட்ரோமெடாவில் எக்ஸ் கதிர் இரட்டைகளைத் தேடுவது எப்படி?

மழை விட்ட மார்கழி மாலையில், ஏழு மணி வாக்கில், ஏற்காட்டில் ஊர் விளக்குகளுக்கு ஒதுங்கி வடக்குப் பார்த்து நில்லுங்கள். சேலத்தின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னே தெற்கில் தங்கிவிடும். உச்சிக்குச் சற்றுக் கீழே, பைனாகுலரில் பஞ்சுத் துணுக்குபோல் தெரிவதுதான் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி). தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு.

அங்கே சில விண்மீன்களின் வாயுவைப் பக்கத்திலிருக்கும் நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ இழுத்துக்கொள்கிறது. விழும் வாயு கொதித்து எக்ஸ் கதிரை உமிழ்கிறது. இப்படிப்பட்ட ஜோடிதான் எக்ஸ் கதிர் இரட்டை. அந்தக் கதிர் நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. ஆகவே இனி மலையிறங்கிக் கணினி முன் உட்கார வேண்டியதுதான்.

முதல் படி: 1999-இல் ஏவப்பட்ட சந்திரா விண்தொலைநோக்கியின் காப்பகத்தில் ஆண்ட்ரோமெடாவின் நிகழ்வுக் கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். அது புகைப்படம் அல்ல, அட்டவணை. விழுந்த இடம், நேரம், ஆற்றல் என்று ஒவ்வொரு ஃபோட்டானுக்கும், அதாவது ஒவ்வொரு ஒளித்துகளுக்கும், ஒரு வரி. முதல் பத்து வரிகளையாவது நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, 0.5 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் எழுந்து வரும். ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள், ஓரத்துப் புள்ளிகள் விரிந்து தெரியும், அங்கே வட்டம் பெரிதாக வேண்டும்.

மூன்றாம் படி, எண்ணுதல். வட்டத்துக்குள் 42 ஃபோட்டான். சுற்றிலும் ஒன்பது மடங்கு பரப்புள்ள வெற்று வளையத்தில் 54 என்று வைத்துக்கொள்வோம். பின்னணி 6, மிச்சம் 36. அந்த 36-இல் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் 24, கீழே 12 என்றால், வித்தியாசத்தை மொத்தத்தால் வகுக்க 0.33. இதுதான் அந்தப் புள்ளியின் எக்ஸ் கதிர் 'நிறம்'.

நான்காம் படி களையெடுப்பு. என்னைக் கேட்டால் ஆய்வே இதுதான். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று இரவில் கீழே பார்த்தால், மலைச்சரிவு விளக்கும் ஊருக்குள் எரியும் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இங்கேயும் அதே சிக்கல்: நம் பால்வீதி விண்மீன் முன்னே குறுக்கிடும், வெகுதூரத்துக் குவாசர் (பெருங்கருந்துளையால் ஒளிரும் மண்டல மையம்) பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். குவாசரும் இரட்டையும் ஒரே எண்ணைத் தரலாம். ஹபிள் விண்தொலைநோக்கியின் படத்தை அதே இடத்தில் பொருத்துங்கள். பளிச்சென்ற விண்மீன் இருந்தால் முன்னே நிற்பதாக இருக்கலாம். மங்கலான குட்டி மண்டலம் இருந்தால் பின்னே. கோளக் கொத்து (பந்துபோல் நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம்) ஒன்றின்மேல் புள்ளி விழுந்தால் மகிழுங்கள், பெரும்பாலும் அது இரட்டைதான்.

கடைசியாக, வேறு ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். மங்கி மறுபடி எரியும் புள்ளிகளைத் தனியே குறியுங்கள். ஓர் எச்சரிக்கை: சந்திராவின் கேமரா வடிகட்டியில் ஆண்டுக்காண்டு படலம் படிந்துவருவதால் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் குறைவாகவே பதிவாகின்றன. மாறாத புள்ளிகூட நிறம் மாறியதுபோல் காட்டும். அந்தந்த ஆண்டின் கருவித் திருத்தத்தைச் செய்த பிறகே எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.