சின்னச் சாமான்களைக் கெடாமல் வைப்பது எப்படி: ஸ்குரூ, காயில், பேட்டரி, வேப் லிக்குவிட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லைன் வீடானாலும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தரை வீடானாலும், பொழுதுபோக்குச் சாமான்களைக் கெடுப்பவை இரண்டு: காற்றில் எப்போதும் இருக்கும் ஈரம், தகரக் கூரை இறக்கும் சூடு. இன்னும் சில சாமான்கள் வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்தானவை. அதனால் உருவத்தையும் அளவையும் பார்த்துப் பிரிக்காமல், எது எதனால் கெடும், எது யாருக்கு ஆபத்து என்று பார்த்துப் பிரியுங்கள். உலோகம் ஒரு பக்கம், ரப்பரும் பிளாஸ்டிக்கும் பஞ்சும் ஒரு பக்கம், பேட்டரி தனி, வேப் எனும் மின்சிகரெட்டில் ஊற்றும் நிக்கோட்டின் உள்ள லிக்குவிட் தனி. கடைசி இரண்டும் மற்ற எதோடும் ஒரே டப்பாவில் சேரவே கூடாது.

முதலில் எல்லாவற்றையும் விளிம்பு உள்ள தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டுங்கள். வெறும் மேசையில் கொட்டினால் 2 மி.மீ. ஸ்குரூ உருண்டு போய்விடும்; துணியில் நிற்கும், கண்ணிலும் படும். அடுத்து ஒரு காந்தம். இரும்பு ஸ்குரூ ஒட்டும், பித்தளை ஒட்டாது. வேப்பில் சூடேறி லிக்குவிடை ஆவியாக்குவது காயில்; லேபல் போன காயில் கம்பியையும் ஓரளவு இப்படியே கண்டுபிடிக்கலாம்: காந்தல் (Kanthal) என்ற கலப்பு உலோகக் கம்பி காந்தத்தில் ஒட்டும், நிக்கல்-குரோமியம் கலப்பான நிக்கல் 80 ஒட்டாது, எஸ்எஸ்316எல் எனும் துருப்பிடிக்காத எஃகு ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். இது முக்கியம். காயிலின் சூட்டைக் கருவியே கட்டுப்படுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் போட எஸ்எஸ் கம்பி ஆகும், காந்தல் ஆகாது. கம்பியின் தடிப்பை டிஜிட்டல் காலிப்பரில் அளந்து, கேஜ் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: 24 கேஜ் 0.51 மி.மீ., 26 கேஜ் 0.40 மி.மீ., 28 கேஜ் 0.32 மி.மீ.

ஸ்குரூவையும் காலிப்பரில்தான் பிரிக்க வேண்டும். எம்3, அதாவது 3 மி.மீ. அளவு ஸ்குரூவின் மரை 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக, 2.9 என்று காட்டும். அதைப் பார்த்து எம்2.5 என்று எண்ணிவிடாதீர்கள். எம்2-ஐயும் எம்2.5-ஐயும் ஒரே அறையில் கலந்துவிட்டால், ஒருநாள் தவறானதை முறுக்கிப் பிளாஸ்டிக் ஓட்டையின் மரையை அழித்துவிடுவீர்கள். மினி ஃபோர் வீல் டிரைவ் பொம்மைக் கார் ஓட்டும் பிள்ளைகள் உள்ள வீட்டில் 2 மி.மீ. ஸ்குரூதான் அதிகம் சேரும். அதை நீளவாரியாகவும் பிரித்து வையுங்கள்.

டப்பா வாங்கும்போது அடியில் உள்ள முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரோபிலீன்; கொஞ்சம் மங்கலாக இருக்கும், வளைந்து கொடுக்கும், எண்ணெயும் லிக்குவிடும் பட்டாலும் தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும், ஆனால் தட்டினால் உடையும். மீன் பிடிக்கிறவர்கள் மெத்தென்ற ரப்பர் இரையை இந்தப் பாலிஸ்டைரீன் டப்பாவில் வைத்து, இரையும் டப்பாவும் சேர்ந்து உருகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருப்பார்கள். இரையில் இருக்கும் மிருதுவாக்கும் எண்ணெய் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. பட்டை வாசமும் எலுமிச்சை வாசமும் உள்ள சில வேப் லிக்குவிட்கள் இதேபோல், அவற்றை ஊற்றும் அக்ரிலிக், பாலிகார்பனேட் டேங்கில் விரிசல் விழவைக்கும். அவற்றுக்குக் கண்ணாடி டேங்க்தான் சரி.

துத்தநாகம் பூசிய ஸ்குரூ துருப்பிடிக்கும் முன் அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது தெரிந்தவுடனேயே அந்த அறையைக் காலி செய்து, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் தொட்டுப் பூசி வையுங்கள். சிவப்புத் துரு வந்தபின் தலையில் ஸ்குரூடிரைவர் பிடிக்காது. வியர்த்த கையால் கொட்டி அள்ளினாலும் உப்பு ஒட்டித் துரு சீக்கிரம் வரும். ஒரு லிட்டர் கொள்ளும் டப்பாவுக்கு 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போதும், மூடி இறுக்கமாக இருந்தால். மூடி தளர்ந்திருந்தால் பத்துப் பொட்டலம் போட்டாலும் வீண். வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துச் சில நாளில் நிறைந்துவிடும். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறினால் பையிலிருந்து தட்டில் கொட்டி, அவனில் (oven) 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் திரும்பவும் ஆரஞ்சாகும். அரிசி இந்த வேலைக்கு ஆகாது: ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, வண்டையும் கூட்டி வரும்.

ரப்பர் மரம் சூழ்ந்த ஊரில் எதையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது பழக்கம். எலக்ட்ரானிக் சாமான்களுக்கு அது வேண்டாம். சூட்டில் ரப்பர் பேண்ட் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டும். அதில் இருக்கும் கந்தகம் செம்பு, வெள்ளி பூசிய கனெக்டர்களைக் கறுக்கவைக்கும். சின்ன ஜிப் பை போதும். ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை) இழுத்து மாட்டி வைக்காமல் தட்டையாகக் கிடத்துங்கள், தையல் எண்ணெய் படாமலும் பாருங்கள். சில ரப்பர் அதில் ஊதிப்போய்ப் பள்ளத்தில் உட்காராது. காயிலுக்குப் போடும் பஞ்சை பாச்சை உருண்டை வைத்த அலமாரியில் வைக்கவே வேண்டாம். வாடை பஞ்சில் ஏறி, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். சாமி அறைப் பக்கமும் வேண்டாம். சாம்பிராணி வாசத்தையும் பஞ்சு பிடித்துக்கொள்ளும்.

லேபல் எழுதும் காகிதத்தைக் கரப்பான் அரிக்கும், பசைக்காகவே வரும். எழுதிய லேபலின் மேல் அகலமான ஒட்டுநாடாவை நான்கு பக்கமும் கூடுதலாக விட்டு ஒட்டுங்கள். இன்னும் நல்ல வழி, உள்ளே இருக்கும் ஸ்குரூவில் ஒன்றையே டிராயர் முகப்பில் சூட்டுப் பசையால் ஒட்டிவிடுவது. படிக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். காயிலுக்கு ஓம் அளவு, அதாவது மின்தடை, எழுதும்போது கவனம்: சாதாரண மல்டிமீட்டரின் சோதனைக் கம்பியே 0.2 ஓம் வரை காட்டும். அதனால் 0.2 ஓம் காயிலை அதில் அளப்பதில் அர்த்தமில்லை. வேப் கருவியில் மாட்டிப் பார்த்து எழுதுங்கள்.

இனி பேட்டரி. வேப்பில் போடும் 18650 பேட்டரி என்பது 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், மேலே இருக்கும் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். அடிப்பாகமும் சுற்றிலும் உள்ள உலோக உடலும் முழுக்க நெகட்டிவ். இரண்டையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும், குமிழைச் சுற்றி இருக்கும் ஒரு வளையமும்தான். ஆகவே பேட்டரியின் தோள்பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நகத்தால் கீறிய அளவு கிழிந்திருந்தாலும் உறையை மாற்றாமல் போடக் கூடாது. சாவி, சில்லறைக் காசு, ஸ்குரூ ஏதாவது குமிழையும் உடலையும் ஒரே நேரத்தில் தொட்டால் போதும், சில நொடியில் கொதித்து வாயு கக்கித் தீப்பிடிக்கும். ஒவ்வொரு பேட்டரிக்கும் பிளாஸ்டிக் கூடு, சட்டைப்பையில் கொண்டுபோனாலும் கூட்டோடுதான். நெடுநாள் வைப்பதென்றால் 4.2 வோல்ட் நிறையச் சார்ஜ் ஏற்றி வைக்காமல் 3.6 முதல் 3.8 வோல்ட் வரை விடுங்கள். ரிமோட் கார்களின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட். நிறை சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும்.

லிக்குவிட்தான் வீட்டில் மிகவும் ஆபத்தானது. ஒரு மில்லிக்கு 35 மி.கி. என்று எழுதிய 30 மில்லி போத்தலில் 1,050 மி.கி. நிக்கோட்டின் இருக்கிறது. பழ வாசம் அடிக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மலேசியாவின் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமான சட்டம் 852 அக்டோபர் 1, 2024 முதல் நடப்பில் இருக்கிறது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது. ஆனால் வீட்டு அலமாரியைக் காவல் காக்க வேண்டியவர் நீங்கள்தான். உயரத்தில் வைத்தால் பிள்ளைக்கு எட்டாது என்று கூரைக்கடியில் செருகினால் அங்கேதான் சூடு அதிகம். சாப்பாடு இருக்கும் பெட்டியில், அதாவது பிரிட்ஜில் வைத்தால் யாராவது எடுத்துக் குடிக்கக்கூடும். சாவி போட்ட உலோகப் பெட்டி, நெஞ்சு உயரம், மேற்கு வெயில் படாத உள்சுவர், இதுதான் இரண்டுக்கும் சரிப்படும். போத்தல்களை நிமிர்த்தி, அடியில் வெள்ளை டிஷ்யூ விரித்து வைத்தால் கசிவு உடனே தெரியும். வேறு போத்தலுக்கு, அதுவும் குடிதண்ணீர் போத்தலுக்கு, எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

வெளிச்சமும் காற்றும் பட்டால் நிக்கோட்டின் பழுப்பாகி, தொண்டையில் மிளகு போல உறைக்கும். வெண்ணிலா வாசம் உள்ளவை மட்டும் தானாகவே பழுப்பாகும், அதில் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். பாட் எனும் சின்ன வேப் கருவியில் லிக்குவிடை விட்டு காரில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே தள்ளும். கையில் பட்டால் சோப்புப் போட்டு உடனே கழுவுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் 999-ஐ அழையுங்கள், போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

கெட்ட பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் வேப்பிலும் லித்தியம் பேட்டரி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இலைதழையோடு குப்பை கொளுத்தும் வழக்கம் இன்னும் இருக்கும் இடங்களில், அந்தக் குவியலில் இது ஒன்று கிடந்தாலும் வெடிக்கும். கொளுத்துவதற்கு முன் குச்சியால் கிளறிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.