தோளைப் பதம் பார்க்கும் ரைபிள்: உதையைக் குறைப்பது எப்படி?

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் தாத்தா காலத்து உரிமத்தோடு கைமாறி வந்த .315 ரைபிளோ .30-06 ரைபிளோ இரட்டைக்குழல் 12 போர் ரவைத் துப்பாக்கியோ இன்றும் சில வீடுகளில் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. காட்டுப்பன்றி கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போனாலும் நாமாகத் துப்பாக்கியைத் தூக்க முடியாது, வனத்துறையிடம்தான் போக வேண்டும். ஆக, வேட்டை ரைபிளுக்கு இப்போது வேலை சுடுதளத்தில். அங்கே மூன்றாவது தோட்டாவுக்கே தோள் சிவந்துபோகிறவர்களுக்கு இந்தச் செய்முறை.

முதலில் கணக்கு. 3.6 கிலோ எடையுள்ள .30-06 ரைபிளில் 180 கிரெய்ன் குண்டு, அதாவது 11.7 கிராம், நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னாலேயே எரிந்த மருந்தின் வாயு இன்னும் வேகமாகப் பீறிடுகிறது. இரண்டுக்கும் ஈடாக ரைபிள் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஆற்றல் ஏறக்குறைய 30 ஜூல். எடை, தோட்டா, குழல்முனை மூன்றில் ஒன்றை மாற்றினால்தான் இந்த எண் குறையும். ஆனால் தோளில் உறைப்பது இந்த எண் மட்டும் அல்ல. அதே 30 ஜூல் உள்ளங்கை அகலத்தில் மெதுவாக இறங்குகிறதா, ரைபிளின் பின்புற இரும்புத் தகட்டின் முனை வழியாக ஒரே இடத்தில் குத்துகிறதா என்பதில்தான் பெரிய வித்தியாசம். அதனால் காசு செலவில்லாத வேலையில் இருந்து தொடங்குவோம்.

படி 1: கட்டையின் நீளம்

போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின் மட்டும் டேப்பைக் கையில் எடுங்கள். விசையின் நடுவில் இருந்து, தோளில் ஊன்றும் மரப்பகுதியான கட்டையின் பின்முக நடுவரை அளக்க வேண்டும். தொழிற்சாலை ரைபிள்களில் பெரும்பாலும் 34 முதல் 35 செ.மீ. இருக்கும். அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, தோளில் வைத்து நிற்கையில் பிடிகையின் (விசையை இழுக்கும் கையின்) கட்டைவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதைவிடக் குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும். கட்டை நீளமாக இருந்தாலோ, தூக்கும்போது அக்குளில் சிக்கி, கடைசியில் புஜத்தின் மேல் உட்காரும். அங்கே நீலம் கட்டிவிடும். அளவு எடுக்கும்போது சுடும்போது போடும் சட்டையையே போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மெல்லிய பருத்திச் சட்டைதான், மெத்தைக்கு ஆகாது.

ஸ்கோப் பொருத்தியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின் கண்ணாடிக்கும் குறைந்தது 9 செ.மீ. தூரம் இருக்கட்டும். பழைய கட்டைகள் இரும்புக் குறிமுனைக்காகச் செதுக்கப்பட்டவை. ஸ்கோப்பில் பார்க்கத் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையை விட்டு எழும்பும், சுடும்போது கட்டை வந்து கன்னத்தில் அறையும். கன்னம் படும் மேல்விளிம்பில் தோல் உறை கட்டி, உள்ளே ஃபோம் வைத்து உயர்த்தினால் இந்த அறை நின்றுவிடும்.

படி 2: பிடிப்பு

பிடிகையின் முழங்கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால், காறை எலும்புக்கும் தோள்மூட்டுக்கும் இடையில் ஒரு குழி விழும். கட்டை அங்கேதான் உட்கார வேண்டும். முன்னால் தாங்கும் கையால் தோளை நோக்கி அழுத்தமாக இழுத்துப் பிடியுங்கள். வலிக்குமே என்று தளர்த்தி, நூலளவு இடைவெளி விடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அந்த இடைவெளியில் ரைபிள் வேகமெடுத்து வந்து இடிக்கிறது. ஒட்டி இருந்தால் உடம்பும் சேர்ந்து பின்னால் போகும், உதை தள்ளலாக மாறும்.

நின்று சுடும்போது இது எளிது. குப்புறப் படுத்தால் உடம்பு நகர இடமில்லை, அதனால் உதை மிகுந்த ரைபிளைப் படுத்துச் சுட்டுப் பழக வேண்டாம். மேசையில் உட்கார்ந்து சுடுவதானால் கூன் போடாமல் நிமிர்ந்து, மணல்மூட்டையின் உயரத்தை உங்களுக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: ரப்பர் பேட்

உறைபோல மாட்டும் பேட் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அது நீளத்தை 2 முதல் 2.5 செ.மீ. கூட்டும், படி 1ஐ மறுபடி பாருங்கள். நிரந்தரமாகப் பொருத்துவதை, பழுதுபார்க்கும் உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் கொடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள்:

- பழைய தகட்டின் தடிப்பைக் கழித்து, பேட் எவ்வளவு கூட்டுகிறதோ அவ்வளவே கட்டையை வெட்ட வேண்டும். வெட்டும் கோணம் பழையதே.
- மரம் பிசிறாமல் இருக்க வெட்டும் இடத்தில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப், மெல்லிய பல் ரம்பம்.
- பழைய திருகுத் துளைகளில் மரக்குச்சியும் பசையும் அடைத்து, ஒரு நாள் காய்ந்தபின் புதுத் துளை.
- வெட்டுமுகத்துக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு. விட்டுவிட்டால் ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், பேட் ஓரம் தூக்கும்.

ஏற்கெனவே பேட் இருக்கிறதே என்பவர்கள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வருடக்கணக்கில் வெயிலும் எண்ணெயும் பட்ட ரப்பர் செங்கல் மாதிரி ஆகியிருக்கும். அது இருந்தும் பயனில்லை.

படி 4: எடை

ஆற்றல் எடைக்கு எதிர்விகிதம். 3.6 கிலோவை 4 கிலோ ஆக்கினால் 30 ஜூல் 27 ஆகும், 4.5 கிலோ ஆக்கினால் 24. பல கட்டைகளில் பேட்டைக் கழற்றினால் உள்ளே நீளத் துளை தெரியும். 250 கிராம் ஈய ரவையைத் துணிப்பையில் இறுக்கிக் கட்டி உள்ளே தள்ளி, பஞ்சு அடைத்துவிடுங்கள். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ரவை முன்னும் பின்னும் ஓடி மரத்தைப் பிளக்கும். பின்பாரம் கூடியதால் குழல் மேலே எழும்புவதுபோல் தோன்றினால், எடையில் பாதியை முன்கட்டைக்குள் மாற்றச் சொல்லுங்கள்.

படி 5: தோட்டா

.30-06இல் 180 கிரெய்னுக்குப் பதில் 150 கிரெய்ன் போட்டாலே உதை 26 ஜூல் பக்கம் வந்துவிடும். 12 போரில் வித்தியாசம் இன்னும் பளிச்: 36 கிராம் ரவை நிறைத்த தோட்டாவைவிட 28 கிராம் தோட்டா எவ்வளவோ சாது. பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியில் 24 கிராம்தான். பழைய இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள் அறை நீளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா சுலபமாக நுழைந்துவிடும், ஆனால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உதை கூடுவது அதில் சின்னப் பிரச்சினை.

தோட்டாவைப் பிரித்து மருந்தைக் குறைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். குறை மருந்தில் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால் அடுத்த வெடி உங்கள் முகத்துக்கு நேரே. உரிமமில்லாமல் செய்வது குற்றமும்கூட.

படி 6: குழல்முனை பிரேக், கடைசியில்

வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் நன்றாக அமைந்தால் உதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துவிடும். அதற்கு ஈடாகச் சத்தம் உங்கள் காதுக்கும் பக்கத்து மேசைக்காரர் காதுக்கும் வரும். கோவையில் கணபதியிலோ குறிச்சியிலோ தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறதே, குழல்முனையில் திருகு நூல் வெட்டி மாட்டிவிடலாமே என்று கை அரிக்கும். 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாத பட்டறையில் இந்த வேலை கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, குழல் துளையின் அச்சுக்கும் நூலின் அச்சுக்கும் மயிரிழை பிசகினால் குண்டு பிரேக்கில் உரசும்.

காதும் மனசும்

பாதிப் பேர் பயப்படுவது உதைக்கு அல்ல, சத்தத்துக்கு. காதுக்குள் அடைப்பானும் மேலே இயர் மஃப்பும் சேர்த்துப் போடுங்கள். பிறகு சுடுதளத்தில் பக்கத்தில் இருப்பவரை, உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி தோட்டா ஒன்றைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வந்தபோது குழல்முனை கீழே குத்தினால் உடம்பு உதைக்கு முன்பே துடிக்கிறது என்று பொருள். அன்றைக்கு அந்த ரைபிளை மூடி வைத்துவிட்டு .22இலோ ஏர் ரைபிளிலோ பழகுங்கள். உதை மிகுந்த ரைபிளில் ஒரு நாளைக்கு இருபது தோட்டாவைத் தாண்ட வேண்டாம்.

கட்டையில் எந்த வேலை செய்திருந்தாலும், முதல் ஐந்து தோட்டாவுக்குப் பிறகு கட்டைத் திருகுகள் தளர்ந்திருக்கிறதா பார்த்து, குறியை மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.