கழுத்து நோவு: திருப்புவதற்கு முன் கேட்காமல் விடுவது

கொழும்பில் கழுத்து பிடித்துக்கொண்டால் பலர் முதலில் போவது சலூனுக்குத்தான். எண்ணெய் தேய்த்து, பிடரியை நன்றாக அமுக்கி, கடைசியில் நாடியில் ஒரு கை, பின்தலையில் ஒரு கை வைத்து 'டக்' என்று ஒரு திருப்பு. சத்தம் கேட்டால் இருவருக்கும் திருப்தி. விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது.

பயம் சத்தத்தைப் பற்றியது அல்ல. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கத் துவாரங்களுக்குள்ளால் ஏறி, மேலே முதல் எலும்பைச் சுற்றி வளைந்துதான் மண்டைக்குள் நுழைகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிவது அரிது. கிழிந்தால் பாரிசவாதம் வரை போகலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: ஏற்கனவே கிழியத் தொடங்கிய குழாயின் முதல் அறிகுறியே கழுத்து நோவும் தலையிடியுமாக இருக்கலாம். அந்த நோவைப் போக்கத்தான் நோயாளி திருப்பச் சொல்லி வருகிறார்!

அதனால், "இப்படியொரு நோ முன்பு எப்போதாவது வந்ததா?" என்று கேட்காமல் கழுத்தில் கை வைப்பதுதான் என் பார்வையில் பெரிய தவறு. புதிதாக, விநோதமாக வந்த நோவோடு தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் எதுவும் சேர்ந்தால் சிகிச்சையே வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலி வீதியில் ஓட்டோவைப் பின்னால் பஸ் இடித்துவிட்டது, அன்றிரவே மசாஜ். இதுவும் வழக்கமாக நடப்பதுதான். அடிபட்டவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ என்றால், 3 அடி உயரத்திலிருந்தோ 5 படியிலிருந்தோ விழுந்திருந்தால், அல்லது கை கால் விறைத்தால், முதலில் படம் எடுக்க வேண்டும் என்கிறது 2001இல் வந்த கனேடிய கழுத்து விதி. பிசியோதெரபி அப்புறம்தான்.

அதிகம் தவறவிடப்படுவது முள்ளந்தண்டு வடம் நெருக்கப்படுவது. இதில் நோ பெரிதாக இருக்காது. சட்டைப் பொத்தான் போட நேரமெடுக்கும், சாவி பூட்டுக்குள் போகாது, பஸ் படியில் கால் இடறும். வீட்டில் "வயசு போகுது" என்பார்கள், அல்லது சீனி வருத்தத்தின் மேல் பழியைப் போடுவார்கள். கவனமான பிசியோதெரபிஸ்ட் உங்கள் நடுவிரல் நுனியைச் சுண்டிப் பார்ப்பார். பெருவிரல் தானாக உள்ளே மடங்கினால் அவருக்குச் சந்தேகம் வரும். ஒரு குதிக்காலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி நடக்கவும் சொல்வார். சந்தேகம் இருந்தால் கழுத்தைத் திருப்பவும் இழுக்கவும் கூடாது. சத்திரசிகிச்சை நிபுணரிடம் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

ருமட்டாயிட் மூட்டுவாதம், முன்பு வந்த புற்றுநோய், நீண்டகால ஸ்டீராய்ட் மாத்திரை, காய்ச்சலோடு மெலிவு: இவற்றில் எது இருந்தாலும், சிகிச்சை தருபவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஏறி நடக்கும்போது கழுத்தும் தாடையும் இறுகி வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எக்ஸ்ரேயில் "எலும்பு தேய்ஞ்சிட்டுது" என்று கேட்டதும் மாதக்கணக்கில் காலர் போடுகிறார்கள். நாற்பது, ஐம்பது தாண்டினால் நோவே இல்லாதவருக்கும் தேய்மானம் தெரியும். சாதாரணப் பிடிப்புக்கு நல்லது மெதுவான அசைவும் தோள், கழுத்துப் பயிற்சியும். நெடுநாள் காலர் தசையைத்தான் பலவீனப்படுத்தும்.

சிகிச்சை தருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று கேட்பதில் தப்பில்லை. சிங்களத்தில் விளக்கமாகச் சொல்லத் தயக்கம் என்றால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நடுவில் தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். "கொஞ்சம் பொறுங்க, சரியாயிடும்" என்று தொடர்ந்து திருப்பினால் எழுந்து வந்துவிடலாம்.