பைதான் லைப்ரரிக்குப் புதுப் பதிப்பு விடும் முன்

எண்ணைக் கொடுத்தால் தமிழில் எழுத்தாக மாற்றித் தரும் சின்ன பைதான் லைப்ரரி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஒருமுறை அதன் புதுப் பதிப்பை, பைதான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றினேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ். மறுநாள் காலையில் ஒரு இஷ்யூ, அதாவது பயனரின் புகார், வந்து நின்றது, இம்போர்ட் செய்த உடனே கோப்பைக் காணவில்லை என்று பிழை. எண்ணுப் பெயர்களை ஒரு தனி ஜேசான் கோப்பில் வைத்திருந்தேன், அது வீலுக்குள், அதாவது பயனர் நிறுவும் பொதிக்குள், போகவே இல்லை. என் கணினியில் டெஸ்ட் ஓடியபோது பைதான் எடுத்துக்கொண்டது நிறுவிய லைப்ரரியை அல்ல, நான் நின்ற ஃபோல்டரில் இருந்த மூலநிரலை, அங்கே கோப்பு இருந்தது. ரசீது அச்சிட அதை நம்பியிருந்த ஒருவருக்கு அன்று வேலை நின்றுபோனது. அன்றிலிருந்து ரிலீஸ் என்றாலே எனக்கு ரெப்போவில் (மூலநிரல் கிடங்கில்) இருக்கும் நிரல் நினைவுக்கு வருவதில்லை, இன்னொருவர் பிப் என்ற நிறுவும் கருவியைப் போட்டு இறக்கும் கோப்புதான் வருகிறது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கோப்பைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி.

முதல் வேலை, போன டேகிலிருந்து (போன பதிப்புக்கு இட்ட குறியிலிருந்து) இன்றுவரை உள்ள கமிட்களை, அதாவது பதிந்த மாற்றங்களை, உட்கார்ந்து படிப்பது. பதிப்பு எண் அதிலிருந்துதான் வரவேண்டும். பழைய நிரல் உடையும் என்றால் முதல் எண், உடையாமல் புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் நடு எண், பிழை மட்டும் திருத்தியிருந்தால் கடைசி எண். கேட்க எளிது, ஆனால் எது உடைப்பு என்பதில்தான் சிக்கல். 1,00,000 கொடுத்தால் என் லைப்ரரி முன்பு ‘ஒரு இலட்சம்’ என்று தரும், அதை ‘ஒரு லட்சம்’ என்று மாற்ற நினைத்தேன். ஓர் எழுத்துதானே, 1.4.2-ஐ 1.4.3 ஆக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய வடிவத்தைத் தரவுத்தளத்தில் சேமித்து வைத்து, பிறகு அதையே தேடுகிறவர் ஒருவர் இருப்பார், அவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தேடல் வெறுமையாக வரும். அதனால் அது 2.0.0-க்குப் போனது. ஃபங்ஷனின் பெயர் மாறினால்தான் உடைப்பு என்று இருந்துவிடாதீர்கள், அது திருப்பித் தருவது மாறினாலும் உடைப்புதான்.

எதையாவது நீக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு பதிப்பு முன்னதாகவே எச்சரிக்கை கொடுத்துவிடுங்கள். ‘இது நீக்கப்படும்’ என்று சொல்லும் டெப்ரிகேஷன் வார்னிங்கைப் பைதான் பெரும்பாலான இடங்களில் இயல்பாகவே மறைத்துவிடும், நேரடியாக இயக்கும் ஸ்கிரிப்ட்டிலும் பைடெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகளிலும்தான் தெரியும். டெஸ்ட் எழுதாதவர் கண்ணிலும் பட வேண்டுமென்றால் ஃபியூச்சர் வார்னிங் போடுங்கள். அப்புறம் எச்சரிக்கை தரும்போது ஸ்டாக்லெவலை 2 என்று கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் எச்சரிக்கை உங்கள் லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு வரியைக் காட்டும், பயனர் தன் நிரலில் எதைத் திருத்துவது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்பார்.

எந்தப் பைதான் வரை ஆதரவு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2020 அக்டோபரில் வந்த 3.9-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, அதை விடுவதில் தவறில்லை. விட்டால், லைப்ரரியின் அமைப்புகள் இருக்கும் பைபுராஜெக்ட் கோப்பில், குறைந்தபட்சம் எந்தப் பைதான் வேண்டும் என்று சொல்லும் ரெக்வயர்ஸ் பைதான் வரியையும் உயர்த்துங்கள். அந்த ஒரு வரி சரியாக இருந்தால் பழைய பைதான் வைத்திருப்பவருக்கு பிப் தானாகவே உங்கள் முந்தைய பதிப்பைக் கொடுத்துவிடும், அவருக்கு எதுவும் உடையாது.

மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாகைக் கமிட் செய்திகளிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். படிப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: தன் நிரலில் எதை மாற்ற வேண்டும், தன்னைத் தொந்தரவு செய்த பிழை போய்விட்டதா. பங்களித்தவர்கள் பெயரைக் கட்டாயம் போடுங்கள், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியவராக இருந்தாலும் சரி.

இனி பேக்கேஜ். பில்டு செய்த கோப்புகள் சேரும் டிஸ்ட் ஃபோல்டரில் கிடக்கும் பழையவற்றை அழித்துவிட்டுப் பில்டு செய்யுங்கள். பில்டு கருவி இயல்பாக முதலில் மூலநிரல் பொதியான எஸ்டிஸ்ட்டை உருவாக்கி அதிலிருந்துதான் வீலைக் கட்டும், ஆகவே எஸ்டிஸ்ட்டில் விடுபட்டது வீலிலும் இருக்காது. வீல் என்பது வெறும் ஜிப் கோப்பு. திறந்து உள்ளே இருக்கும் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்: தரவுக் கோப்புகள் இருக்கின்றனவா, உரிமக் கோப்பு இருக்கிறதா, சோதனைக்காக வைத்திருந்த கடவுச்சொல் எதுவும் உள்ளே போய்விடவில்லையே. அடுத்து புதிதாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனித்த பைதான் சூழல்) போட்டு, ரெப்போ ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, அந்த வீலை மட்டும் நிறுவி டெஸ்ட்களை ஓட்டுங்கள். இதை மட்டும் அன்று செய்திருந்தால் அந்த ரசீதுகள் நின்றிருக்காது. நிரலை எஸ்ஆர்சி என்ற உள்ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால் தவறுதலாக மூலநிரல் இம்போர்ட் ஆவதும் நின்றுவிடும், நான் மாற்றிவிட்டேன்.

பைபிஐயில் ஏற்றும் கருவியான ட்வைனின் செக் கட்டளையை ஓட்டினால் ரீட்மீ (அறிமுகக் கோப்பு) பைபிஐ பக்கத்தில் ஒழுங்காக வருமா என்று தெரிந்துவிடும். பிறகு ஒத்திகைக்கென்றே இருக்கும் தனிக் கிடங்கான டெஸ்ட் பைபிஐயில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். உங்கள் லைப்ரரி சார்ந்திருக்கும் மற்றவை அங்கே இல்லாமல் போகலாம் என்பதால் அவற்றை முன்பே தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். பெரிய மாற்றம் என்றால் 2.0.0ஆர்சி1 என்று ஒரு முன்பதிப்பை பைபிஐயிலேயே விட்டு ஒரு வாரம் பொறுங்கள், கேட்டு வாங்குகிறவருக்குத் தவிர மற்றவர்களுக்கு பிப் அதைக் கொடுக்காது.

நிஜமாக ஏற்றும்போது, கடவுச்சொல் போன்ற ஏபிஐ டோக்கனை மடிக்கணினியில் வைத்திருக்கத் தேவையில்லை. 2023-இல் பைபிஐ டிரஸ்டட் பப்ளிஷிங் கொண்டுவந்தது, கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் பைபிஐயிடமிருந்து சில நிமிடங்களே செல்லுபடியாகும் டோக்கனை வாங்கிக்கொண்டு அதுவே ஏற்றிவிடும், திருடுபோக ஒன்றும் மிச்சமிருக்காது. கமிட்டுக்கு டேக் போட்டுத் தள்ளினால் வேலை தொடங்கும்படி அமைத்துவிடுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும், பைபிஐயில் ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. தவறு தெரிந்தால் பதறி அழிக்காதீர்கள், யாங்க் செய்யுங்கள். புதிதாக நிறுவுகிறவருக்கு அந்தப் பதிப்பு போகாது, அதையே துல்லியமாகக் குறித்து வைத்திருப்பவருக்கு மட்டும் எச்சரிக்கையோடு கிடைக்கும், அவருடைய பில்டு உடையாது. கையோடு 2.0.1 விடுங்கள். இதற்காகத்தான், அடுத்த இரண்டு நாள் பதில் சொல்ல நேரம் இருக்கும்போது மட்டும் நான் ரிலீஸ் செய்கிறேன்.

ஏறியதும் வேறொரு கணினியில் பிப் போட்டு நிறுவி, 1,00,000 கொடுத்து ‘ஒரு லட்சம்’ வருகிறதா என்று பார்த்துவிட்டு, இஷ்யூ பக்கத்துக்குப் போய்க் காத்திருந்த ஒவ்வொருவருக்கும் இது 2.0.0-இல் சரியாகிவிட்டது என்று எழுதுங்கள்.