பிள்ளை கபடி ஆடுதா? வீட்ல இருக்கவங்க பண்ண வேண்டியது

பையன் டென்னிஸ் கோச்சிங் போறான்னு சொன்னா சொந்தக்காரங்க கண்ண விரிப்பாங்க, பொண்ணு கபடி ஆடுறான்னு சொன்னா "அப்ப படிப்பு?"ன்னு கேப்பாங்க. ஆட்டத்துல ஒரு கொறையும் இல்ல, அத ஆடுறது எந்த வீட்டுப் பிள்ளைன்னு பாத்துதான் நம்ம ஊர்ல மதிப்பு போடுறாங்க. சென்னையில குடிசைப் பகுதி மக்கள இடம் மாத்தி குடிவெச்ச கண்ணகி நகர்னு அட்ரஸ் சொன்னாலே வேலை குடுக்க யோசிச்சவங்க எத்தனை பேரு, அதே கண்ணகி நகர் கார்த்திகா 2025ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில இந்திய கபடி டீமோட தங்கம் வாங்கினதும் எல்லாரும் நம்ம பொண்ணுங்குறாங்க. ஆனா எல்லாப் பிள்ளையும் அவ்ளோ தூரம் போக முடியாது, பாக்கிப் பேருக்கு மரியாதை வேலை வழியாத்தான் வரும், அதுக்கு சர்டிபிகேட் வேணும்.

ஊர்த் திருவிழா மேட்ச் தாராளமா ஆடட்டும், கப்பு, பணம், விசில் எல்லாம் கிடைக்கும், ஆனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல, அதாவது விளையாடுறவங்களுக்குன்னு ஒதுக்குற அரசு வேலைல, அது செல்லாது. மத்திய அரசு வேலைக்குக் காட்டுற சர்டிபிகேட், இந்தியாவுக்கு ஆடுனா ஃபார்ம் 1, மாநிலத்துக்காக நேஷனல்ஸ் ஆடுனா ஃபார்ம் 2, யுனிவர்சிட்டிக்கு 3, ஸ்கூல் நேஷனல்ஸ்க்கு 4. தமிழ்நாடு அரசு வேலைலயும் 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. அதனால ஸ்டேட் செலக்‌ஷன் எப்ப, எங்கன்னு பி.டி. சார விடாம கேளுங்க, கூச்சப்படாதீங்க.

பர்த் சர்டிபிகேட், ஆதார், ஸ்கூல் ரெக்கார்ட் மூணுலயும் பேரு, இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா இப்பவே மாத்துங்க. சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கிரவுண்ட்லயே நின்னு பேரு, வயசுப் பிரிவு, எத்தனையாவது இடம், தேதி, கையெழுத்து, சீல்னு ஒவ்வொண்ணா பாருங்க, சீல் இல்லாத பேப்பர தூக்கிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு கபடி சங்க செக்ரட்டரி வீட்டுக்கு அலையுற கொடுமை யாருக்கும் வேணாம்.

பொண்ணுன்னா ஷார்ட்ஸ் பத்தி யாராவது பேசத்தான் செய்வாங்க. அதுக்கு பதில் சொல்ற வேலைய அப்பாவோ அம்மாவோ எடுத்துக்கணும், பிள்ளை தலைல போடக்கூடாது. பத்தாவது வந்துருச்சுன்னு ஆட்டத்த நிறுத்துறதும் வேணாம், காலைல ஒரு மணி நேரமாவது விடுங்க.

முட்டி வீங்குனா மட்டும் எண்ணெய் தேச்சு மறுநாளே எறக்காதீங்க, ஆர்த்தோ டாக்டர்கிட்ட காட்டுங்க, லிகமென்ட் கிழிஞ்ச காலோட ரைடு போனா அந்த சீசனோட ஆட்டமே முடிஞ்சிரும்.